அழுக்குப் பூசிய கப்பல்கள்

பிரிசில்லாவுக்குக் கூர்மையான கண். அவள் வேலை செய்யும் கார் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் யாருமில்லை. வண்ணம் அடித்துக் காய்ந்த கார் உடல்கள், இரண்டு பக்கமும் ட்யூப் லைட் எரியும் கூண்டுக்குள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். ஒட்டிய தூசி, மயிரிழைக் கீறல், வழிந்து உறைந்த பெயிண்ட் சொட்டு எல்லாவற்றையும் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்ததைத் தேய்த்து மெருகேற்றி, அந்த இடத்தில் எதுவும் இருந்ததே இல்லை என்பதுபோல அனுப்ப வேண்டும். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆள் அவள். வேலையை அவள் விளையாட்டாக எடுத்துக்கொண்டதே இல்லை.

அந்தக் கண்ணை அவளால் தொழிற்சாலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவும் முடியவில்லை. கூடுவாஞ்சேரி வீட்டில் எவர்சில்வர் தட்டில் தண்ணீர்த் தடம் தெரிந்தால் எடுத்துத் துடைப்பாள். பீரோ கண்ணாடியில் விரல் பட்டிருந்தால் சேலைத் தலைப்பு தானாக அங்கே போகும். அவள் கணவன் கலைவாணன் சிரிப்பான்.

"உன் வூட்ல குடும்பம் நடத்துறது ஷோரூம்ல குடும்பம் நடத்துற மாரி கீது மே."

கலைவாணன் பொத்தேரியில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிகளில் எலக்ட்ரீஷியன். ஒருநாள் ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற ஓர் அறைக்குப் போனவன், அங்கே தரையில் கறுப்புத் துணி விரித்து, கட்டைவிரல் அளவு விண்கலங்களை நகர்த்தி நாலைந்து பையன்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தான். எந்தக் கலம் எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு தூரம் போகும் என்று முதலில் யோசித்து வைக்க வேண்டும். பிறகுதான் பகடை. சற்று நேரம் நின்று பார்த்தான். அப்புறம் உட்கார்ந்தான். ரெகுலேட்டர் மறுநாள்தான் மாறியது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் அவன் பொத்தேரியில்தான். ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். அவனோடு ஆடுகிறவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவன் ரோஹித் என்ற மாணவன். விண்கலங்களை த்ரீடி பிரிண்டரில் வார்த்துக் கொடுப்பவன் அவன்தான். இன்னொருவர் நரசிம்மன், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையத்தில் அதிகாரி. ஓய்வு பெறும் வயது நெருங்கியும், பகடை உருட்டும்போது எழுந்து நின்றுவிடுவார்.

"நாப்பது வயசுல பொம்ம வெச்சினு வெளையாட்டா?" என்பாள் பிரிசில்லா.

"பொம்ம இல்ல, கப்பலு. ஆகாசக் கப்பலு." அவன் பெட்டியைத் திறந்து காட்டுவான். பெயிண்ட் படாத, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள். அவள் ஒன்றை எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த பிசிறை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். தலைவலி என்றான். அடுத்த ஞாயிறு போகவே இல்லை. பெட்டி பீரோ மேல் ஏறியது.

"இன்னாங்க, கப்பலு ஓடலியா?"

"சலிச்சிப்போச்சி."

அவளும் நம்பிவிட்டாள். பிறகொரு நாள் காலையில், அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. எடுத்தாள். நரசிம்மன்.

"கலை கோவமா இருக்கானாம்மா? அன்னிக்கி நாங்க சிரிச்சது தப்புதான். அவன் என் கப்பலை எடுத்துத் தன்னோடதுன்னு நகர்த்தினான். வேணும்னு கலாட்டா பண்றான்னு நெனச்சோம். மறுபடியும் அதையே செஞ்சான். நாங்க சிரிச்சோம். அப்படியே எழுந்து போய்ட்டான். அவன் கலாட்டா பண்ணலைன்னு அப்புறம்தாம்மா எனக்கு உறைச்சது."

அவள் போனை வைத்தாள். குளித்துவிட்டு வந்தவனுக்கு டீயைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் டம்ளரை மேசையின் விளிம்பில் பாதி வெளியே இருக்கும்படி வைத்தான். பிறகு விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்து உள்ளே தள்ளினான். அப்படித் தடவுவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. அவள்தான் அதைப் பார்த்திருக்கவில்லை.

"கண்ணு எத்தினி நாளா இப்டி கீது?"

 துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினான். முகத்தை அதிலிருந்து எடுக்காமலே பேசினான்.

"பச்ச ஒயரும் நீல ஒயரும் ஒண்ணாத் தெரியுது பிரிசி. போன மாசம் ஒரு ரூம்ல ஒயர மாத்திக் குடுத்துட்டு எறங்கப் பாத்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு டெஸ்டர் வெச்சதால தப்பிச்சிது. பசங்க இருக்கற ரூமு. எவன்னா தொட்டிருந்தான்னா..."

அவள் துண்டை விலக்கவில்லை. அவன் தலையைத் துண்டோடு சேர்த்துத் தன் வயிற்றில் வைத்து அணைத்துக்கொண்டாள். அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டாள்.

சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்றிருந்தது. செங்கல்பட்டில் கண் மருத்துவர் படம் எடுத்துக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், விடாமல் வர வேண்டும். "போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். முழு இருட்டு ஆகிடும்னு பயப்படாதீங்க. ஆனா எல்லாம் வெளுத்துப்போன துணி மாதிரி தெரியும். மங்கல்லேருந்து மங்கலைப் பிரிச்சுப் பார்க்கிறதுதான் கஷ்டம்."

கலைவாணன் மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொன்னான். விடுதிப் புகார்களைப் போனில் வாங்கி ஆட்களை அனுப்பும் மேசைக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. ஆனால் வீட்டில் அவன் பேச்சு குறைந்தது. ஷோரூம் கிண்டல் நின்றது. கதவுக்குப் பின்னால் ஆணியில் அவன் கருவிப்பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு மதிய ஷிப்ட் வந்த வாரத்தில், ஒரு காலைப் பொழுதில் நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியைக் கீழே இறக்கினாள். சாம்பல் மேல் சாம்பல். நல்ல கண்ணுக்கே எது எதுவென்று தெரியாது. பெயிண்ட் அடித்தால் தெரியும் அல்லவா? பெயிண்டுக்கு அவளைவிட யார் இருக்கிறார்கள்?

ஒரு கலத்தைச் சோப்பு நீரில் கழுவினாள், பிசிறு தேய்த்தாள், பிரைமர் கொடுத்தாள், வெள்ளையை மெல்ல மெல்லப் பல பூச்சாக ஏற்றினாள். மேலே பளபளப்புக்கு வார்னிஷ். கூண்டு விளக்கில் வைத்தால்கூட ஒரு தூசி காட்ட முடியாது. மறுநாள் காலையில் அவன் கையில் கொடுத்தாள்.

அவன் விரலால் தடவினான். "எம்மா... பட்டு மாரி கீது." வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான், திருப்பினான், மறுபடி திருப்பினான். பிறகு மெதுவாகக் கேட்டான். "மூக்கு எந்தப் பக்கம் பிரிசி?"

 அவன் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக் கட்டியை. அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மாமல்லபுரத்தில் அவள் தங்கை அம்சாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். சர்ச்சில் சடங்கு முடிந்து, விருந்துக்கு நேரம் இருந்ததால், இருவரும் சிற்பப் பட்டறைகள் இருக்கும் சாலையில் நடந்தார்கள். நடு வெயில். பட்டறை வாசலில் வெள்ளைக் கல்லில் செதுக்கிய சிலைகள் வரிசையாக நின்றன.

"இன்னாது, சிமெண்ட் மூட்டையா?" என்றான்.

"செலைங்க." அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். 

விருந்து முடிந்து பஸ்ஸுக்காக அதே வழியில் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. வெயில் பக்கவாட்டில் தெருவுக்குள் விழுந்தது. கலைவாணன் நின்றுவிட்டான்.

"அது நந்தி தானே?"

"எது?"

"அதான் மே, குந்திகினு கீதே. கழுத்துல மணி கூட கீது. அந்தாண்ட புள்ளையாரு. தும்பிக்க இப்டிக்கா வளைஞ்சி..." அவன் காற்றில் கையால் வளைத்துக் காட்டினான். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவன் குரலில் அவசரம் இருந்தது.

பிரிசில்லா சிலைகளைப் பார்த்தாள். அதே கல், அதே வெள்ளை. ஆனால் நந்தியின் கழுத்து மடிப்பிலும் மணியின் பள்ளத்திலும் நிழல் போய் உட்கார்ந்திருந்தது. மேடெல்லாம் பளிச்சென்று இருந்தது. இத்தனை வருடமாகத் தான் நிழலையும் கறையையும் அழித்தே சம்பாதித்திருக்கிறோம் என்று தோன்றியது. அவனுக்கு வேண்டியதோ அந்த நிழல்தான். உள்ளங்கை அளவுகூட இல்லாத கலத்தில் சூரியன் எவ்வளவு சாய்ந்தாலும் போதிய நிழல் விழாது. அதை அவள்தான் பூச வேண்டும்.

அந்த வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டே போனாள். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் குட்டிக் கலங்களுக்கு வண்ணம் அடிக்கும் வீடியோக்கள். முதலில் வாஷ் என்றார்கள். கறுப்பும் பழுப்பும் கலந்த பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்து, மேலே தளும்ப விட வேண்டும். அது தானாக ஓடிப் பள்ளங்களில் தேங்கும்.

வெள்ளைக் கலத்தை பால்கனி வெளிச்சத்தில் வைத்தாள். தூரிகையைக் கறுப்பு நீரில் தோய்த்தாள். கை அந்தரத்தில் நின்றது. தொழிற்சாலையில் இப்படி ஒரு சொட்டு விழுந்தால் லைனையே நிறுத்துவார்கள். கண்ணை மூடி ஒரு முறை மூச்சு இழுத்துவிட்டு ஊற்றினாள்.

பட்டு போலிருந்த கலம் சாக்கடையில் விழுந்து எழுந்தது போல ஆனது. வார்னிஷின் பளபளப்பில் கறுப்பு நிற்காமல் திட்டுத் திட்டாக வழிந்தது. அந்தக் கலம் பாழ். அடுத்ததில் வார்னிஷ் போடவில்லை. சாம்பல் அடித்து, காயவிட்டு, வாஷை ஓடவிட்டு, மேட்டில் தங்கியதைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். தகடு தகடாக ஒட்டிய உடம்பும் சின்னச் சின்னக் குழாய்களும் தனித்தனியாக எழுந்து வந்தன. அதன் மேல் முன்னதைவிடச் சற்று வெளுத்த சாம்பல், பள்ளத்தைத் தொடாமல். அது காய்ந்ததும் இன்னும் வெளுத்தது, இன்னும் குறுகலாக. கடைசியில், நுனியில் நாலு மயிர் மட்டும் இருக்கும் தூரிகையால் விளிம்புகளில் மட்டும் வெள்ளைக் கோடு. ஹைலைட் என்று அந்த வீடியோக்காரர்கள் சொன்னது அதைத்தான். மூக்கில் மஞ்சள்.

கலைவாணன் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே கையில் வைத்தாள்.

"மூக்கு இந்தாண்ட," என்றான் உடனே. பிறகு கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். "இரு, இரு. பக்கத்துல இன்னாது வரிசையா? ஜன்னலா?"

"ஆமா."

"இத்தினி நாளா இதுல ஜன்னல் இருந்துதா?"

"எப்பவும் இருந்துது."

அவன் செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்து ஜன்னல்களை எண்ண ஆரம்பித்தான். அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பாலை ஊற்ற மறந்து வெறும் பாத்திரத்தைச் சற்று நேரம் சூடுபண்ணினாள்.

அதன்பின் காலை நேரம் இருவருக்கும் சொந்தமானது. அவள் ஒரு வண்ணம் அடித்து நீட்டுவாள், அவன் சொல்வான். நீலம் போச்சு, சாம்பலோடு கலந்துவிடுகிறது. வெளிர்மஞ்சள் வெள்ளையாகிவிடுகிறது, ஆனால் கறுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் நிற்கிறது. ஆரஞ்சு நன்றாக வருகிறது. அவன் கண்ணுக்குள் எது எப்படித் தெரிகிறது என்று அவள் கேட்டதே இல்லை. இப்போது கேட்டுக் கேட்டு, அவன் பார்க்கும் உலகத்தின் வண்ணங்களெல்லாம் அவளுக்கு மனப்பாடமாயின. பேச்சும் திரும்பியது. "பால்கனில அழுக்கு பண்ணிகினு கீற, ஷோரூம் ஓனரு வந்தா இன்னா சொல்லுவாங்க?" என்றான் ஒருநாள். அவள் தூரிகையால் அவன் மூக்கில் ஒரு ஹைலைட் வைத்தாள்.

படை முழுதும் முடிந்தது. "இந்த ஞாயித்துக்கெழம போங்க," என்றாள்.

அவன் முகம் மாறியது. "வேணாம்."

"இன்னாத்துக்கு வேணாம்?"

"எல்லார் கப்பலும் சாம்பலா இருக்கும். என்து மட்டும் கண்ண பறிக்கிற மாரி கோடு போட்டுகினு இருக்கும். குருட்டுப் பயலுக்கு அடிச்ச பெயிண்டுனு பாத்தாலே தெரியாதா? இன்னொரு வாட்டி சிரிக்கட்டும்னு சொல்றியா?"

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை காலை நேரத்து உழைப்பும் அவனது ஒரு வார்த்தையில் வீணாகிவிட்டதுபோல் இருந்தது. இரண்டு நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். மூன்றாவது நாள், வெளிச்சக் கூண்டுக்குள் ஒரு காரின் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவன் சொன்னதில் தப்பு இல்லையே என்று பட்டது. ஒரு கதவை மட்டும் வேறு சாயலில் அனுப்பினால் யார் கண்ணிலும் அதுதான் உறுத்தும். அதற்காகக் கதவைத் தூக்கி எறிவதில்லை. மற்றக் கதவுகளையும் அதே சாயலுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் ரயிலேறி நேரே பொத்தேரிக்குப் போனாள். சாப்பாட்டுக் கடை மாடியில் நரசிம்மனும் ரோஹித்தும் இருந்தார்கள். யாரோடும் முன்பின் உட்கார்ந்து பேசியதில்லை. நின்றுகொண்டே, தான் அடித்த ஒரு கலத்தை மேசைமேல் வைத்தாள். ரோஹித் எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா! யார் பண்ணாங்க இதை?" என்றான்.

"நான்தாம்பா. உங்க கப்பலையும் குடுங்க, அடிச்சித் தரேன். எல்லார்தும் இப்டி இருந்துச்சினா அவரு வருவாரு." மீதியையும் வேகமாகச் சொல்லி முடித்தாள். "அவருக்கு மங்கலாத்தான் தெரியும் சார். அன்னிக்கி வேணும்னு பண்ணல."

நரசிம்மன் எழுந்தார். தன் பெட்டியை மூடி, பூட்டை அழுத்தி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"அக்கா, எனக்குக் கருநீலம்..." என்று ஆரம்பித்தான் ரோஹித்.

"நீலம் அவருக்கு ஆவாதுப்பா."

"அப்போ எது ஆகும்?"

"செவப்பு. சார்க்கு பழுப்புல வெள்ளக் கோடு."

"சிவப்பே அடிங்கக்கா."

இரண்டு பெட்டிகளும் பால்கனியில் வந்து சேர்ந்தபோது கலைவாணன் யாருடையவை என்று கேட்டான். சொன்னாள். அவன் எழுந்து போய்ச் சற்று நேரம் சமையலறையில் நின்றான். திரும்பி வந்து, பஞ்சை எடுத்துச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தான். அது அவனுடைய வேலையாக நிலைத்தது. வாஷ் ஓடியதும் அவள் கையை நீட்டுவாள், பஞ்சு வரும்.

அவன் திரும்பப் போன ஞாயிற்றுக்கிழமை அவளும் கூடப் போனாள், மூலையில் ஒரு நாற்காலியில். கறுப்புத் துணிமேல் சிவப்பும் பழுப்பும் மஞ்சள் மூக்கும் இறங்கின. எல்லாமே புகை படிந்து, உரசல் பட்டு, நெடுந்தூரம் போய் வந்தவை போல இருந்தன. கலைவாணன் குனிந்து, மேசையின் ஓரத்தில் கன்னம் வைக்காத குறையாகப் பார்த்தான். கை நீண்டது.  அவன் தன் கலத்தை எடுத்து நரசிம்மனின் பழுப்புக் கலங்கள் இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தான்.

"டேய், அங்க வைக்க முடியாது!" நரசிம்மன் எழுந்து நின்றுவிட்டார். "தூரம் அளந்தியா?"

"அளந்துக்குங்க சார். ஸ்கேலு உங்க கைலதானே கீது?"

அளந்தார். சரியாக இருந்தது. அன்று கடைசியில் கலைவாணன் தோற்றான். தோற்றதைப் பற்றி வீடு வரும்வரை, ரயிலிலும், நடைமேடையிலும், காய்கறி வாங்க நின்ற இடத்திலும் பேசிக்கொண்டே வந்தான். அந்த இரண்டாவது திருப்பத்தில் இடப்பக்கம் வந்திருந்தால் ஜெயித்திருப்பானாம். அவள் "ம்" கொட்டிக்கொண்டே கத்தரிக்காய் பொறுக்கினாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. அவனது இடது கண் மேலும் மங்கியிருக்கிறது. வலது கண் ஊசிகளின் புண்ணியத்தில் அப்படியே நிற்கிறது. மஞ்சள் மூக்கு போதாமல் போனபோது, அதைச் சுற்றிக் கறுப்புப் பட்டை சேர்த்தாள். அதுவும் போதாமல் போனால் வேறு ஏதாவது சேர்ப்பாள். ரோஹித் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டான். அவன் இடம் காலியாக இருந்த முதல் ஞாயிறு, நரசிம்மன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீ ஏம்மா மூலையில உக்காந்திருக்க? வா," என்றார். சிவப்புப் படையை ரோஹித் அவளுக்கே விட்டுப் போயிருந்தான்.

அவளுக்கு ஆட்டம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. போன வாரம் ஒரு கலத்தை வலப்பக்கம் திருப்பிவிட்டு, உடனே தப்பு என்று கண்டுகொண்டு கையைத் திரும்ப நீட்டினாள்.

"வெச்சது வெச்சதுதான்," என்றான் கலைவாணன், பகடையைக் குலுக்கிக்கொண்டே.

"ஏங்க, ஒரே ஒரு வாட்டி. தெரியாம வெச்சிட்டேன்."

"போர்ல தெரியாம வெச்சேன்னுலாம் கெடையாது மே."

பகடை உருண்டது. அவன் குனிந்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினான். அவசரமே படவில்லை. பிறகு அவளுடைய சிவப்புக் கலத்தைப் பூப்போல எடுத்து, விளிம்பில் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"செத்துட்ட," என்றான். "டீ சொல்லட்டுமா?"